கடல் கடந்த வட்டம்

ஒரு கலை தன் மண்ணைவிட்டு வேறு தேசத்திற்குப் போகும்போது அதற்கு என்ன நேர்கிறது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. போன இடத்தில் அது நீர்த்துவிடுகிறது, காசு கொடுப்பவனின் ருசிக்குத் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பது ஒன்று. கலைக்கு எல்லை கிடையாது, அது எங்கு போனாலும் செழிக்கும் என்பது மற்றது. முதல் விடையில் கொஞ்சம் கௌரவமும் இரண்டாவதில் கொஞ்சம் தாராளமும் இருக்கின்றன. இரண்டிலும் இல்லாத ஒன்று, கலையைச் சுமந்துபோன மனிதன். பிரேசில் நாட்டுக் கபோயிராவின் சரித்திரத்தை, அதிலும் ஜோவாவ் கிராண்டே என்ற ஆசானின் வழியை, இந்த இல்லாமையை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க விரும்புகிறேன்.

கபோயிராவை வர்ணிக்கப் புகுந்தவர்கள் எல்லோரும் திணறியிருக்கிறார்கள். சண்டை என்றால் உதை விழவேண்டும். இங்கு பெரும்பாலும் உதை உடம்பைத் தொடுமுன் நின்றுவிடுகிறது. அல்லது அதற்குள் எதிராளி தரையோடு தரையாகக் கவிழ்ந்து வேறொரு பக்கத்தில் முளைத்துவிடுகிறான். நடனம் என்றால் அசைவுகள் முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும். இங்கு அடுத்த கணம் என்ன என்பது இருவருக்குமே தெரியாது. நம் மொழியில் ஆட்டம் என்ற சொல் கூத்துக்கும் பந்தயத்துக்கும் பொதுவாக இருப்பது இந்த இடத்தில் பெரிய சௌகரியம். கபோயிரா இரண்டு அர்த்தத்திலும் ஆட்டம்.

மனிதர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வட்டத்தின் ஒரு முனையில் வாத்தியங்கள். ஆங்கோலா என்று பெயர்பெற்ற பழைய வகையில் இவை எட்டு. அவற்றில் மூன்று பெரிம்பாவ். வளைத்த மரக்கழியில் எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டி, கீழ்ப்பக்கம் ஒரு சுரைக்குடுக்கையைப் பொருத்தினால் பெரிம்பாவ் ஆகிவிடும். கம்பி பெரும்பாலும் பழைய மோட்டார் டயரைக் கிழித்து எடுத்தது. ஒரு கையில் மெல்லிய குச்சியும் சிறு கிலுகிலுப்பையும், மறு கையில் ஒரு கூழாங்கல்லோ செல்லாக்காசோ. குச்சியால் கம்பியைத் தட்டி, கல்லால் அதை அழுத்தி, குடுக்கையின் வாயை வயிற்றில் வைத்தும் எடுத்தும் வாசிக்கிறார்கள். மிகக் கனத்த குரலுடைய பெரிம்பாவ்தான் அந்த வட்டத்தின் அதிகாரம். ஆட்டம் தொடங்குவதும் முடிவதும், வேகம் கூடுவதும் குறைவதும் அது சொல்கிறபடி. முதலில் ஒருவர் தனியாகப் பாடுகிறார். ஆடப்போகும் இருவரும் பெரிம்பாவின் காலடியில் குந்தியிருந்து கேட்கவேண்டும். அந்தப் பாட்டு முடிகிறவரை யாரும் அசைவதில்லை.

ஆங்கோலா ஆட்டத்தில் ஒரு விசித்திரமான கட்டம் உண்டு. ஆடிக்கொண்டிருப்பவரில் ஒருவன் திடீரென்று நின்று, கைகளை விரித்து மற்றவனை அழைக்கிறான். மற்றவன் மெதுவாக, தரையைத் தடவிக்கொண்டு வருவதுபோல் வந்து அவன் கையைத் தொடுகிறான். இருவரும் உள்ளங்கைகள் ஒட்டியிருக்க, நண்பர்களைப்போல் முன்னும் பின்னும் நாலு அடி நடக்கிறார்கள். எந்த அடியிலும் அழைத்தவன் முழங்காலை உயர்த்தி வயிற்றில் குத்தலாம், தலையால் முட்டலாம். அழைக்கப்பட்டவனுக்கு இது தெரியும். தெரிந்தும் போகவேண்டும், மறுப்பது மரியாதையில்லை. இந்த நாலு அடிக்குள் கபோயிராவின் மொத்த உலகப் பார்வையும் இருப்பதாக எனக்குப் படுகிறது. அவர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல்லைக் கள்ளம் என்று மொழிபெயர்க்கலாம். கெட்டதனம் என்ற அர்த்தம் இதில் இல்லை. சிரிக்கும் முகத்தைச் சிரிப்பாகவும் முகமாகவும் தனித்தனியே பார்க்கத் தெரிவது என்று வேண்டுமானால் விளக்கலாம்.

இந்தக் கள்ளம் எங்கிருந்து வந்தது என்பதற்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888 மே 13இல். அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக ஒழித்த தேசம் அதுதான். ஒழித்து இரண்டாண்டுகளில், 1890 அக்டோபரில் வந்த புதிய குற்றவியல் சட்டம், தெருக்களிலும் பொது இடங்களிலும் கபோயிரா எனப்படும் உடல் சாகசத்தில் ஈடுபடுகிறவனுக்கு 2 முதல் 6 மாதம்வரை சிறை என்று எழுதிவைத்தது. கூட்டத்தின் தலைவனுக்கு இரட்டிப்பு. அதே 1890 டிசம்பரில் நிதியமைச்சர் ருய் பர்போசா, அடிமை முறை சம்பந்தமாகக் கருவூல அலுவலகங்களில் இருந்த தஸ்தாவேஜுகளை எரிக்க உத்தரவிட்டார். காகிதத்தில் இருந்தது நெருப்புக்கும் உடம்பில் இருந்தது சிறைக்கும் ஒரே ஆண்டில் அனுப்பப்பட்டன. கபோயிராவின் மூலம் ஆங்கோலாவின் வரிக்குதிரை நடனமா, பிரேசில் தோட்டங்களின் சிருஷ்டியா என்ற சர்ச்சை 1960களிலிருந்து ஓய்ந்தபாடில்லை. எரித்த காகிதங்களிலும் அதற்கு விடை இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஆண்டிற்குப் பிறகு இந்த ஜனங்களின் நினைவைத் தாங்கும் பொறுப்பு அதிகமாக உடம்பின்மேல் விழுந்துவிட்டது என்பதைக் கவனிக்கவேண்டும்.

தெருவிலிருந்து கூரைக்குக் கீழே கபோயிராவைக் கொண்டுவந்தவர் பிம்பா. பாஹியா மாகாணத்துத் தலைநகரான சால்வடாரில் 1932இல் பள்ளி தொடங்கி, 1937இல் அரசாங்க அனுமதியும் வாங்கினார். சட்டத்தில் குற்றமாக இருந்த பெயரைத் தவிர்த்து, பாஹியாவின் வட்டாரச் சண்டைமுறை என்று பெயர் வைத்தார். பாடங்களை வரிசைப்படுத்தினார், வெள்ளை உடுப்பு தந்தார், மருத்துவ மாணவர்களும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். 1940இன் குற்றவியல் சட்டத்தில் கபோயிரா காணாமல் போயிற்று. 1953இல் ஜனாதிபதி வர்காஸ் முன்னிலையில் பிம்பா தன் சீடர்களுடன் ஆடிக் காண்பித்தார். போலீஸ் துரத்திய ஆட்டம் தேசிய விளையாட்டு ஆயிற்று.

இதற்கு எதிர்வினையாகத்தான் 'ஆங்கோலா' உருப்பெற்றது. பஸ்தீன்யா, 1889இல் பிறந்தவர், சிறு வயதில் பெனெதீத்தோ என்ற ஆப்பிரிக்கரிடம் கற்றதாகச் சொல்லிவந்தவர், பல வருஷம் ஆட்டத்தைவிட்டு ஒதுங்கியிருந்தார். 1941இல் பழைய ஆசான்கள் கூடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்டத்திற்குப் போனபோது, அதை நடத்திக்கொண்டிருந்த அமோர்சீன்யோ அவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டார். அமோர்சீன்யோவின் உத்தியோகம் காவலர். துரத்தியவர்களின் சீருடைக்குள்ளிருந்தே ஒருவர் வந்து மரபைக் கைமாற்றிக் கொடுத்தார் என்பது கபோயிராவுக்கே உரிய கள்ளம். பஸ்தீன்யா தொடங்கிய மையத்தின் சீருடை மஞ்சளும் கறுப்பும். புராதனமான ஏதோ சடங்கின் நிறங்கள் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அவை அவருக்குப் பிடித்தமான இபிராங்கா கால்பந்துக் குழுவின் நிறங்கள்.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. தூய மரபு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதுவும் ஒரு குறிப்பிட்ட மனிதர், குறிப்பிட்ட வருஷத்தில், குறிப்பிட்ட நிர்ப்பந்தத்தில் எடுத்த முடிவு. பிம்பாவின் சீர்திருத்தம் இல்லாவிட்டால் பஸ்தீன்யாவின் பழமைக்குப் பெயரே இருந்திருக்காது. ஆகவே, வெளிநாட்டில் போய் மாறிவிட்டது என்று புலம்புகிறவர் எந்த வருஷத்து மரபிலிருந்து மாறிவிட்டது என்று சொல்லியாக வேண்டும்.

1966 ஏப்ரலில், கவிஞரும் ஜனாதிபதியுமான செங்கோர், செனகலின் தலைநகர் டக்காரில் கறுப்பினக் கலைகளின் முதல் உலக விழாவை நடத்தினார். பிரேசில் அனுப்பிய குழுவில் 77 வயதுப் பஸ்தீன்யா, பார்வை மங்கிய நிலையில், இருந்தார். அவருடன் போன சீடர்களில் ஒருவர் ஜோவாவ் கிராண்டே. அடிமைக் கப்பல்கள் எதிர்த்திசையில் கடந்த அதே சமுத்திரத்தை இவர்கள் விமானத்தில் கடந்தார்கள். ஜோவாவ் கிராண்டே தன் ஆட்டத்தை முதன்முதலாகக் கடல் கடந்து கொண்டுபோன இடம் ஆப்பிரிக்கா என்பதைப் பின்னால் நியூயார்க் பற்றிப் பேசும்போது மறந்துவிடக்கூடாது.

திரும்பி வந்தபின் நடந்ததுதான் இந்தச் சரித்திரத்தின் கசப்பான பகுதி. சால்வடாரின் பழைய நகரமான பெலோரீன்யோவில், 19ஆம் எண் கட்டிடத்தில் இருந்தது பஸ்தீன்யாவின் பள்ளி. ஜார்ஜ் அமாதோ அவரைப் பற்றி எழுதினார். கரிபே அந்த ஆட்டத்தை வரைந்தார். பியர் வெர்ஜே புகைப்படம் எடுத்தார். பஸ்தீன்யாவே 1964இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கௌரவத்திற்குக் குறைவில்லை. ஆனால் 1970களின் தொடக்கத்தில் பழைய நகரைப் புதுப்பிக்கிறோம் என்று அவரை அந்த இடத்திலிருந்து கிளப்பினார்கள். அவர் திரும்பி வரவே முடியவில்லை. கட்டிடம் பிற்பாடு உணவகமாயிற்று. கண் முழுதும் போய், வறுமையில், 1981 நவம்பர் 13இல் முதியோர் விடுதியில் இறந்தார். பிம்பாவின் கதியும் வேறில்லை. பாஹியாவின் அதிகாரிகள் தன்னைக் கைவிட்டார்கள் என்று மனம் கசந்து 1973இல் நாட்டின் நடுப்பகுதியிலுள்ள கொயானியாவுக்குக் குடிபெயர்ந்தார். 1974 பிப்ரவரி 5இல் அங்கேயே செத்தார். கலையைத் தேசத்தின் சொத்து என்று கொண்டாடிய அதே ஆண்டுகளில்தான் அதைத் தாங்கியவர்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டும் தற்செயலாகச் சேர்ந்துவிட்டவை என்று எனக்குத் தோன்றவில்லை. கலையை அதன் மனிதனிலிருந்து பிரித்து எடுத்துப் பொதுச் சொத்தாக்கிவிட்ட பிறகு, அந்த மனிதன் ஸ்தாபனங்களுக்குத் தேவைப்படுவதில்லை.

ஜோவாவ் கிராண்டே 1933இல் பாஹியாவின் தெற்கே இத்தாஜி என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தோட்டக் கூலி. பத்து வயதில் யாரோ ஒருவர் தரையோடு குந்தி ஒரு காலைச் சுழற்றியதைப் பார்த்ததாகவும், அது என்னவென்று கேட்டதற்கு நாகோக்களின் நடனம் என்று ஒரு பெண் பதில் சொன்னதாகவும், அதைத் தேடி வீட்டைவிட்டுக் கிளம்பியதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். நாகோ என்பது யோருபா வழியினருக்குப் பாஹியாவில் வழங்கும் பெயர். தேடியது கபோயிரா என்று தெரிந்துகொள்ள, சால்வடாருக்கு வந்துசேர, அவருக்கு இருபது வயதாகிவிட்டது. பஸ்தீன்யாவிடம் சேர்ந்தார். அங்கு இன்னொரு ஜோவாவ் இருந்தார், உருவத்தில் சிறியவர். ஆகவே இவர் கிராண்டே, அதாவது பெரியவர். அவர் பெக்கேனோ, சின்னவர். பஸ்தீன்யா தன் வாரிசுகளாகக் கருதியது இந்த இருவரையும்தான்.

குருவின் பள்ளி சிதைந்தபிறகு பெரிய ஜோவாவ், எமிலியா பியங்கார்டி நடத்திய 'விவா பாஹியா' நாட்டுப்புறக் கலைக்குழுவுடன் சுற்றினார். பிறகு பெட்ரோல் பங்கில் வேலை. பஸ்தீன்யாவின் உடம்பறிந்த எல்லாவற்றையும் அறிந்த ஓர் உடம்பு கார்களுக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தது. 1980இல் ஆங்கோலா மரபுக்காகத் தனிக் குழுவொன்றைத் தொடங்கிய மொராயஸ், இவருடைய மாணவர். பிற்பாடு சால்வடாருக்கு வந்த அவரும் அவர் சீடர் கோப்ரா மான்சாவும் 1980களின் நடுவில் இவரை வற்புறுத்தி மறுபடி வட்டத்துக்குள் இழுத்துவந்தார்கள். சீடன் குருவைத் தேடிப்போய்க் கூட்டிவந்து உட்காரவைக்கவேண்டிய ஸ்திதி.

1990இல், 57 வயதில், அமெரிக்காவில் நிகழ்ச்சிகளுக்காகப் போனவர் நியூயார்க்கிலேயே தங்கிவிட்டார். மன்ஹாட்டனின் மேற்கு 14ஆம் தெருவில் ஒரு மாடியில் பள்ளி தொடங்கினார். நியூயார்க்குக்குக் கபோயிரா புதிதல்ல. ஜெலோன் வியெய்ராவும் லோரெமில் மச்சாதோவும் 1975இலேயே வந்துவிட்டார்கள். பிம்பாவின் சீடர் அகோர்தியோன் 1978இல் மேற்குக் கரைக்குப் போனார். ஆனால் முதல் அலையில் வந்தவர்கள் இளைஞர்கள். மேடையும் நடனக் குழுக்களும் அவர்களை வரவேற்றன. இன்னொரு பக்கம், பிரேசிலின் பெரிய குழுக்கள் இடுப்புக் கயிற்றின் நிறத்தால் தரம் பிரித்து, ஊருக்கு ஊர் கிளை திறந்து பரவின. பெரிய ஜோவாவிடம் இடுப்புக் கயிறு கிடையாது. மேடைக்கேற்ற பல்டிகள் இல்லை. ஆங்கிலமும் இல்லை. மாணவர்கள்தான் போர்த்துக்கீசியம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, பாடவேண்டுமே.

இங்கே என் மனதை உறுத்தும் கேள்விக்கு வருகிறேன். கங்காணியின் சவுக்கிலிருந்தும் போலீஸின் குதிரையிலிருந்தும் பிறந்த கள்ளத்தை, ஆபீஸ் முடிந்து வந்து மாதச் சந்தா கட்டிக் கற்றுக்கொள்ளும் ஒருவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பயமில்லாத இடத்தில் கள்ளத்திற்கு என்ன வேலை? கபோயிரா நீர்த்துவிட்டது என்கிறவர்களின் வாதத்தில் கனமான பகுதி இதுதான். அசைவுகளை யாரும் கற்கலாம். அசைவுக்கு அடியிலிருக்கும் அவநம்பிக்கையை வாடகைக் கூடத்தில் உற்பத்தி செய்ய முடியுமா?

முடியாது என்று நான் நினைத்திருப்பேன், அந்த அழைப்பின் நாலு அடியை ஒளிப்பதிவுகளில் திரும்பத் திரும்பப் பார்க்காமலிருந்தால். கிழவர் கையை விரித்து நிற்கிறார். முகத்தில் சாந்தம். வருகிறவன் இளைஞன், வலுவானவன், பயிற்சி உள்ளவன். அவன் தயங்குகிறான். அந்தத் தயக்கம் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதல்ல. அந்தக் கணத்தில் அவனுடைய உடம்பு தானாகக் கண்டுபிடித்தது. எதிரே நிற்கும் உடம்பு தோட்டக் கூலியும், பெலோரீன்யோவும், டக்காரும், பெட்ரோல் பங்கும் கண்ட உடம்பு. அது எதையும் விளக்குவதில்லை. விளக்காமல் எதிரே நிற்கிறது, நின்று அழைக்கிறது. சரித்திரம் இங்கே தகவலாக இல்லாமல் அபாயமாக மாணவனுக்குக் கைமாறுகிறது. பஸ்தீன்யாவின் 1964ஆம் வருஷத்துப் புத்தகத்தால் இதைச் செய்ய முடிந்திருக்காது. அந்த அபாயத்தைப் பெற்றுக்கொள்ள இன்னொரு உடம்பு அங்கே இருந்தாகவேண்டும்.

ஆகவே, கலை கடல் கடந்தது என்று நாம் சொல்வது ஒரு வசதிக்காகத்தான். கடந்தது ஒரு மனிதர். அவர் இருக்கும் அறையில் வட்டம் முழுமையாக இருந்தது. அதைப் பார்த்துக் கற்றவர்கள் போகிற அறைகளில் அவர்கள் பெற்ற அளவுக்கு இருக்கும். தேசத்தை வைத்து இதை அளக்க முடியாது. சால்வடாரில் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தெருமுனையில் பல்டியடிக்கும் பையனிடம் இல்லாதது, 14ஆம் தெருவின் மாடியில் இருக்கமுடியும். இதற்கு மாறாகவும் இருக்கமுடியும்.

மாறாகவும் இருந்தது என்பதற்குச் சாட்சி சின்ன ஜோவாவ். அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. பஸ்தீன்யா இறந்த அடுத்த ஆண்டு, 1982இல், சால்வடாரின் சாந்தோ அந்தோனியோ கோட்டையில் பள்ளியைத் தொடங்கினார். அந்தக் கோட்டை பல காலம் சிறைச்சாலையாக இருந்த இடம். ஆடினால் சிறை என்று சட்டம் போட்ட தேசத்தில், சிறையாயிருந்த கட்டிடத்துக்குள் ஆடக் கற்றுக்கொடுத்தார். 2011இல், 93 வயதில், இறக்கும்வரை அவர் அந்த ஊரின் ஆசானாகவே இருந்தார். பெரியவர் போனது தப்பு, சின்னவர் இருந்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ஒரே குருவின் இரண்டு கைகள். ஒன்று நீண்டது, ஒன்று ஊன்றியது.

அங்கீகாரங்கள் வந்த வரிசையும் கவனத்திற்குரியது. பெட்ரோல் பங்கில் நின்ற மனிதருக்கு 1995இல் நியூ ஜெர்சியின் உப்சாலா கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. 2001இல் அமெரிக்க அரசின் கலை நிதியம் மரபுக் கலைஞர்களுக்கான தன் உயரிய விருதை அளித்தது. பிரேசில் அரசின் பண்பாட்டு மரபு நிறுவனம் 2008இல்தான் கபோயிராவைப் பதிவு செய்தது. பதிவு செய்தபோது ஒரு நல்ல காரியம் செய்தது: இரண்டு ஏடுகளில் இரண்டு பதிவு. வெளிப்பாட்டு வடிவங்களின் ஏட்டில் கபோயிரா வட்டம். அறிவுகளின் ஏட்டில் கபோயிரா ஆசான்களின் தொழில். வடிவம் வேறு, அதைத் தாங்கும் மனிதனின் வேலை வேறு, இரண்டும் காப்பாற்றப்பட வேண்டியவை என்பதை, இரண்டு கிழவர்களை வறுமையில் சாகவிட்ட தேசம் முப்பது வருஷம் கழித்து எழுத்தில் ஒப்புக்கொண்டது. 2014இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது தலைப்பில் வட்டம் மட்டுமே இருந்தது. ஆசான் விடுபட்டுவிட்டார். உலகப் பட்டியல்களுக்கு வடிவம்தான் கையாள எளிது போலும். அதற்குப் பசிக்காது, வாடகை பாக்கி வைக்காது, கண் போய்விடாது.

கபோயிரா அழிந்துவிடும் என்ற பயம் இனி யாருக்கும் இருக்க நியாயமில்லை. அது எத்தனையோ தேசங்களுக்குப் போய்விட்டது. பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. வட்டம் கூடும், பெரிம்பாவ் ஒலிக்கும், இருவர் காலடியில் குந்தியிருப்பார்கள், பாட்டு முடியும், எல்லா அசைவும் சரியாக இருக்கும். ஒருவன் கைகளை விரித்து அழைப்பான். மற்றவன் எந்தத் தயக்கமும் இல்லாமல் நேராக நடந்துபோய் அவன் கையைத் தொடுவான். அந்த வட்டம் சால்வடாரில் கூடியிருந்தாலும் அங்கே கபோயிரா இருக்காது.